ஒரு கொட்டலுக்கு நான்கு எண்ணிக்கை: இஎஸ்பி32 இன்டரப்டும் மழைமானியும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சின்ன வாளி சாய்ந்து கொட்டும் வகை மழைமானியை ஒபீசிலிருந்து 35 மீற்றர் தள்ளி நட்டு, வயர் இழுத்து, இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டின் ஜிபிஐஓ 34 என்ற பின்னில் (சிக்னல் வாங்கும் கால்) கொடுத்திருக்கிறீர்கள். ஆர்டுயினோ நிரலில் அந்தப் பின்னை 'இன்புட் புல்அப்' (உள் தடையியால் மேல்நிலையில் பிடித்துவைக்கும் முறை) என்று வைத்து, சிக்னல் கீழே விழும் விளிம்புக்கு இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) கட்டி, அது கூப்பிடும் கால்பேக் ஃபங்ஷனுக்குள் எண்ணிக்கையைக் கூட்டி, சீரியலில் அச்சிட்டு, எஸ்டி கார்டிலும் எழுதுகிறீர்கள். வாளி ஒரு தரம் கொட்டினால் எண்ணிக்கை இரண்டு, மூன்று, சில வேளை நான்கு ஏறுகிறது. இடி முழங்கினால் மழையே இல்லாமலும் ஏறுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு கால்பேக்குக்குள் 200 மில்லிசெக்கன் டிலே போட்ட பிறகு போர்ட் முன்னைவிட அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. டிபவுன்ஸ் செய்யும், அதாவது சுவிட்ச் துள்ளலால் வரும் போலி எண்ணிக்கையைத் தள்ளும், சரியான நிரலைத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நிரலை மட்டும் மாற்றினால் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா, நம்ப முடியாவிட்டால் பிழை வயரிலா, பின்னிலா, கால்பேக்கிலா என்பதுதான் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் சொல்லிவரும் அளவுகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மி.மீ. என்று படிப்படியாக ஏறுகின்றன. எண்ணிக்கை இரட்டித்தால், பெய்தது 75 மி.மீ.யாக இருக்கும்போதே உங்கள் திரையில் 150 வந்து நிற்கும். அப்படி இரண்டு தரம் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) ஆட்களை வெளியே எடுத்துவிட்டால், மூன்றாம் தரம் எண் உண்மையாக இருந்தாலும் யாரும் அசைய மாட்டார்கள். ஆகவே பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். இஎஸ்பி32 இல் ஜிபிஐஓ 34 முதல் 39 வரையான பின்கள் உள்வாங்க மட்டுமே. அவற்றுக்கு உள்ளே புல்அப் தடையியும் இல்லை, புல்டவுனும் இல்லை. நீங்கள் 'இன்புட் புல்அப்' என்று எழுதியிருந்தாலும் கம்பைலர் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மின்சாரப்படி அந்தப் பின் அந்தரத்தில் தொங்குகிறது. வெளியிலும் நீங்கள் தடையி எதுவும் போடவில்லை என்பதால், மழைமானிக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடும் சுவிட்ச்) திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த 35 மீற்றர் வயர் ஒரு ஏரியல். மின்னல் வெட்டினாலும், பக்கத்தில் மோட்டர் ஸ்டார்ட் ஆனாலும், ஏன், கையை அருகில் கொண்டுபோனாலும் அது விளிம்பாகப் பதியும். இந்த ஒரு பிழையைத் திருத்தும் வரை வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது. இடிக்கு ஏறுவது மின்னலாலா, ஈரம் பிடித்த மூட்டாலா என்று இப்போது விவாதிப்பதில் பயனில்லை.

கம்பியை ஜிபிஐஓ 25, 26, 27, 32, 33 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். 36, 39 பக்கம் போகாதீர்கள். புல்அப் இல்லாதது போக, உள்ளே சில அனலொக் பகுதிகள் உயிர்பெறும் கணத்தில் அந்த இரண்டு பின்களும் ஏறத்தாழ 80 நானோசெக்கன் கீழே இழுபடும் என்று தயாரிப்பாளரின் பிழைப்பட்டியலிலேயே இருக்கிறது. 0, 2, 5, 12, 15 ஆகியவை போர்ட் தொடங்கும்போது நிலை பார்க்கப்படும் பின்கள். மழைமானியை 0இல் கட்டி, வாளி நடுவழியில் நின்று காந்தம் சுவிட்சை மூடியபடி இருக்கையில் கரண்ட் போய் வந்தால், போர்ட் உங்கள் நிரலை ஓட்டாமல் நிரல் ஏற்றுவதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். 6 முதல் 11 வரை ஃப்ளாஷ் நினைவகத்துக்குரியவை, தொடவே கூடாது.

இரண்டாவது உறுதி, கால்பேக்குக்குள் நீங்கள் செய்யும் வேலைகள். இன்டரப்ட் கால்பேக் என்பது சாதாரண ஃபங்ஷன் மாதிரி எழுதப்பட்டாலும் சாதாரண நேரத்தில் ஓடுவதில்லை. புரொசெசர் எந்த வேலையின் நடுவில் இருந்தாலும் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இதற்குள் நுழைகிறது. நிறுத்தப்பட்ட அந்த வேலை, எஸ்டி கார்டுக்கான பூட்டை (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் பயன்படுத்தவிடும் ஏற்பாடு) கையில் வைத்திருக்கலாம். சீரியலுக்கான பூட்டையும் வைத்திருக்கலாம். உங்கள் கால்பேக் அதே பூட்டைக் கேட்டால், அதை வைத்திருப்பவர் திரும்ப ஓடினால்தான் பூட்டு விடுபடும்; கால்பேக் முடிந்தால்தான் அவர் ஓடுவார். இரண்டு பேரும் நிற்கும் இந்த நிலையை, போர்டுக்குள் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ் கண்டுபிடித்து நிரலை முறித்துவிடும், இல்லாவிட்டால் சிக்கிய நிரலைக் கண்டுபிடிக்கும் காவல் டைமரான இன்டரப்ட் வாட்ச்டொக் வந்து ரீஸ்டார்ட் செய்யும். அந்த வாட்ச்டொக்கின் வழக்கமான பொறுமை 300 மில்லிசெக்கன். பூட்டு அந்த நேரம் யாரிடமும் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. உங்கள் போர்ட் சில வேளை மட்டும் ரீஸ்டார்ட் ஆவதன் காரணம் இதுதான்.

டிலே போட்டபின் மோசமானதும் இதோடு சேர்ந்தது. இஎஸ்பி32 இல் டிலே என்பது சும்மா காத்திருப்பது இல்லை. 'என்னைத் தூங்கவைத்து அடுத்த டாஸ்கை ஓட்டு' என்று ஷெடியூலரிடம் (எந்த டாஸ்க், அதாவது எந்த வேலை, எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) கேட்பது. இன்டரப்டுக்குள் தூங்கவைக்க எந்த டாஸ்கும் இல்லை. ஆகவே அந்த ஆலோசனை தவறு. ஆர்டுயினோ ஊனோவிலும் அது பயன் தராது. அங்கே இன்டரப்டுக்குள் இருக்கும்வரை டைமர் இன்டரப்ட் ஓடாது, மில்லிஸ் (போர்ட் தொடங்கியதிலிருந்து மில்லிசெக்கன் எண்ணும் கணக்கு) நகராது, டிலே முடிவது எப்படி?

சீரியல் மொனிட்டரில் 'கேஷ் டிஸேபிள்ட்' என்ற சொற்களோடு குரு மெடிடேஷன் (இஎஸ்பி32 முறிந்து விழும்போது காட்டும்) பிழை வந்திருந்தால் அதற்குக் காரணம் வேறு. ஃப்ளாஷில் ஏதாவது எழுதப்படும் வேளையில் அங்கிருந்து நிரலை வாசிக்க முடியாது. அந்நேரம் ஓட வேண்டிய கால்பேக் உள் ரேமில் இருந்தாக வேண்டும். ஃபங்ஷன் பெயருக்கு முன் ஐரேம் அட்ரிபியூட் சேர்ப்பது அதற்காகத்தான். கால்பேக்குக்கு மட்டும் சேர்த்துவிட்டு, அது கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷனை ஃப்ளாஷில் விட்டால் பயனில்லை. கால்பேக்கை மூன்று நான்கு வரிக்குள் வைத்தால் இந்தக் கவலையே வராது.

அடுத்தது ஏறக்குறைய உறுதி என்று சொல்லலாம். வாளி கொட்டும்போது காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்துபோகிறது. உள்ளேயிருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. துள்ளித் துள்ளித்தான் அடங்கும். திறக்கும்போதும் அப்படியே, அதனால் விழும் விளிம்பு மூடும்போது மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். இதற்கு மேல், வாளி மறுபக்க நிறுத்தத்தில் மோதிச் சற்றுத் திரும்பி எழுந்தால் காந்தமே இரண்டாம் தரம் அருகில் வரக்கூடும். முதலாவது, ஒரு மில்லிசெக்கனுக்குக் கீழே தொடங்கி ஒருசில மில்லிசெக்கன் வரை நீளும். இரண்டாவது பத்துக்கணக்கான மில்லிசெக்கன் கழித்து வரும். ஒரு கொட்டலுக்கு நான்கு எண்ணிக்கை வர இவை இரண்டும் போதும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். துள்ளல் வேறு, இரைச்சல் வேறு. துள்ளல் உண்மையான கொட்டலின் பின்னால் வருவது. முதல் விளிம்பை எண்ணிவிட்டு அடுத்த சிறிது நேரத்துக்குக் கதவைச் சாத்தினால் அது தீர்ந்துவிடும். இரைச்சல் கொட்டலே இல்லாமல் வருவது. கதவைச் சாத்தும் முறை அதன் முதல் விளிம்பை நல்ல பிள்ளை போல எண்ணிக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான டிபவுன்ஸ் நிரல்கள் முதல் வகைக்கு மட்டுமே மருந்து. உங்களுக்கு இரண்டு நோயும் இருக்கிறது. ஆகவே எண்ணுவதற்கு முன் 'சுவிட்ச் உண்மையிலேயே மூடியிருக்கிறதா' என்று ஒரு தரம் கேட்கவும் வேண்டும், எண்ணிய பின் கதவைச் சாத்தவும் வேண்டும்.

கதவை எவ்வளவு நேரம் சாத்தலாம் என்பதற்கு மழையே கணக்குத் தரும். உங்கள் மானி ஒரு கொட்டலுக்கு 0.2794 மி.மீ. என்கிறீர்கள். மணிக்கு 300 மி.மீ. என்ற வேகத்தில் கொட்டினால்கூட மணித்தியாலத்துக்கு 1,074 கொட்டல்தான், அதாவது இரண்டு கொட்டலுக்கு இடையில் ஏறத்தாழ 3.35 செக்கன். கினிகத்தேனப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் சரிவுகளிலும் அதைவிட வேகமாக வாளி கொட்டிக்கொண்டே இருக்கும் நேரம் அரிது. ஆகவே 250 மில்லிசெக்கன் சாத்தினால் ஒரு துளி மழையும் தவறாது. அடுத்த மாதம் காற்றுவேகக் கிண்ணத்தையும் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதே எண்ணைப் போட்டுவிடாதீர்கள். செக்கனுக்கு ஒரு மூடல் என்றால் மணிக்கு 2.4 கி.மீ. வேகம் என்ற வகைக் கிண்ணத்தில், மணிக்கு 100 கி.மீ. காற்றுக்குச் செக்கனுக்கு 42 மூடல், இடைவெளி 24 மில்லிசெக்கன். அங்கே 250 போட்டால் புயலடித்தாலும் மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் காட்டாது.

இப்போது வயரிங். மழைமானியிலிருந்து வரும் இரண்டு கம்பியில் ஒன்றை கிரவுண்டில் கொடுங்கள். மற்றக் கம்பி போர்டுக்கு வரும் இடத்தில் 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று. அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் மறுமுனையைப் பின்னில் கொடுங்கள். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோஃபரட் செராமிக் கொள்ளளவி, போர்டை ஒட்டியபடி. வயர் பக்கத்தில், தொடர்த் தடையிக்கு முன்னால், கிரவுண்டுக்கு ஒரு 5 வோல்ட் டிவிஎஸ் டயோட் (திடீர் மின்னழுத்த உயர்வை கிரவுண்டுக்குத் திருப்புவது). 10 கிலோ ஓமும் 100 நானோஃபரட்டும் சேர்ந்தால் நேரமாறிலி (மின்னழுத்தம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு) 1 மில்லிசெக்கன். மின்னலால் தூண்டப்பட்டு வரும் ஒரு துடிப்பு 50 மைக்ரோசெக்கன் நீடித்தால் பின்னில் மின்னழுத்தம் 5 வீதம்தான் அசையும், இன்டரப்ட் எழாது. கொள்ளளவியை வயர் பக்கத்தில், சுவிட்சுக்கு நேர் குறுக்காகப் போடாதீர்கள். ரீட் சுவிட்ச் மூடும் ஒவ்வொரு தரமும் அது முழுதாக அந்தத் தகடுகளுக்கூடாக வெறுமையாகும். நாளடைவில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

4.7 கிலோ ஓம் ஏன், உள்ளேயிருக்கும் புல்அப் போதாதா என்று கேட்கலாம். உள் புல்அப் ஏறத்தாழ 45 கிலோ ஓம். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் வெளியே இருக்கும் மூட்டு எப்போதும் ஈரம்தான். ஈரத்தால் இரண்டு கம்பிக்கும் இடையில் 20 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு ஏற்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உள் புல்அப்போடு பின்னில் நிற்பது 1.0 வோல்ட். இஎஸ்பி32 க்கு 0.83 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் நிச்சயமான கீழ்நிலை, 2.48க்கு மேலே இருந்தால்தான் நிச்சயமான மேல்நிலை. 1.0 என்பது இரண்டுமில்லாத நடுவெளி. சின்ன அசைவுக்கும் விளிம்பு பதியும். 4.7 கிலோ ஓம் போட்டால் அதே கசிவோடு 2.67 வோல்ட் நிற்கும், பின் நிம்மதியாக மேல்நிலையில் இருக்கும். அதற்காக மூட்டை ஈரத்தில் விட்டுவைக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டைத் தகரப்பெட்டிக்குள்ளோ பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோ வைத்து, கம்பி கீழிருந்து மேலேறி நுழையும்படி ஒரு தொங்கல் விட்டுக் கட்டுங்கள். நீர் கம்பி வழியே வழிந்து உள்ளே போகாமல் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

கேபிளுக்கு நெட்வொர்க் கேபிளின் முறுக்கிய ஒரு சோடி நல்லது. இரண்டு தனிக் கம்பியைத் தளர்வாக இழுப்பதைவிட இது தூண்டலை மிகவும் குறைக்கும். 230 வோல்ட் லைனோடு ஒரே குழாயில் போட வேண்டாம். கொழுந்து வாட்டும் ட்ரஃப் விசிறிகளின் கன்டாக்டர் இருக்கும் சுவரை ஒட்டியும் கொண்டுபோக வேண்டாம். தூரம் 100 மீற்றர் தாண்டினால், அல்லது பெக்டரிக்கு ஊடாகத்தான் போக வேண்டும் என்றால், பிசி817 ஒப்டோகப்ளர் (ஒளியால் மட்டும் சிக்னலைக் கடத்தும் சில்லு) போடுவேன். 12 வோல்ட், 2.2 கிலோ ஓம், சுவிட்ச், ஒப்டோவின் எல்இடி எல்லாம் தொடராக. ஏறத்தாழ 5 மில்லிஅம்பியர் ஓடும். ஒரு வயரில் இரைச்சலால் 5 மில்லிஅம்பியர் ஓட்டுவது எளிதில்லை, அதுதான் இதன் பலம். அந்த 12 வோல்ட் போர்டின் சப்ளையிலிருந்து பிரிந்ததாக இருந்தால்தான் உண்மையான தனிமைப்படுத்தல். நேரடியாக மின்னல் விழுந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் விழும் மின்னலின் தூண்டலுக்கு மட்டுமே இந்தக் காவல். இந்தச் சாமான்கள் எல்லாம் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் சாதாரணமாகக் கிடைப்பவை.

வயரிங் திருந்தியபின் நிரல். கால்பேக்கை வாசலில் அடிக்கும் மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தது என்பதை மட்டும் அது சொல்ல வேண்டும்; வந்தது யார், உள்ளே விடலாமா என்று பார்ப்பது வீட்டிலிருப்பவரின் வேலை. ஆகவே கால்பேக்குக்குள் ஒரே காரியம்: காத்திருக்கும் டாஸ்குக்கு, இன்டரப்டுக்குள்ளிருந்து கூப்பிடவென்றே உள்ள 'ஃப்ரம் ஐஎஸ்ஆர்' என்று முடியும் நோட்டிஃபை ஃபங்ஷனால் தகவல் அனுப்புவது. அந்த டாஸ்க் எழுந்ததும் 5 மில்லிசெக்கன் காத்திருக்கும். இங்கே டிலே தாராளமாகப் போடலாம், இது சாதாரண டாஸ்க். பிறகு பின்னை வாசிக்கும். இன்னும் கீழ்நிலையில் இருந்தால் உண்மையான மூடல். கடைசியாக எண்ணிய நேரத்திலிருந்து 250 மில்லிசெக்கன் கடந்திருந்தால் கொட்டல் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். கீழ்நிலையில் இல்லாவிட்டால் 'தள்ளியவை' என்ற வேறொரு எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். இந்த இரண்டாவது எண்ணிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வயரில் என்ன நடக்கிறது என்பதை ஒபீசில் இருந்தபடியே சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

5 மில்லிசெக்கன் என்பது நான் தரும் தொடக்க எண் மட்டுமே. வாளி கொட்டும்போது உங்கள் சுவிட்ச் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பது காந்தத்தின் இடத்தைப் பொறுத்தது, மானிக்கு மானி மாறும். வாளியைக் கையால் மெதுவாகவும் வேகமாகவும் இருபது தரம் கொட்டி, மூடும் நேரத்தையும் திறக்கும் நேரத்தையும் மைக்ரோசெக்கன் எண்ணும் மைக்ரோஸ் மூலம் பதிந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த நீளத்தின் மூன்றிலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர ஒப்பீட்டில் ஒரு பழைய பொறி. 'இப்போது கழித்தல் கடைசி, 250ஐவிடப் பெரிதா' என்று கேளுங்கள். 'இப்போது, கடைசி கூட்டல் 250ஐவிடப் பெரிதா' என்று கேட்காதீர்கள். மில்லிஸ் 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். குறியில்லாத 32 பிட் எண்ணில் கழித்தல் அந்தத் திருப்பத்தையும் சரியாகக் கடந்துவிடும், கூட்டல் அப்போது தவறும். தோட்டத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகும் போர்டுக்கு இது முக்கியம்.

எண்ணிக்கையை வாசித்துவிட்டுப் பூச்சியமாக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வாசிப்பதற்கும் பூச்சியமாக்குவதற்கும் நடுவில் ஒரு கொட்டல் வந்தால் அது காணாமல் போகும். எண்ணிக்கை எப்போதும் ஏறிக்கொண்டே போகட்டும். அறிக்கை எழுதும் பகுதி முந்தைய எண்ணை வைத்துக்கொண்டு வித்தியாசத்தை எடுக்கட்டும். எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர், எண் 32 பிட் என்றால் இஎஸ்பி32 இல் பூட்டுகூடத் தேவைப்படாது. வொலட்டைல் என்று அறிவிக்க வேண்டும். ஆனால் அது 'ஒவ்வொரு தரமும் நினைவகத்திலிருந்து வாசி' என்று கம்பைலருக்குச் சொல்வது மட்டும்தான். இரண்டு பேர் ஒரே எண்ணைக் கூட்டினால் வரும் மோதலை அது தடுக்காது. ஊனோ போன்ற 8 பிட் போர்டில் கதை வேறு. அங்கே 32 பிட் எண் நான்கு துண்டாக வாசிக்கப்படும், நடுவில் இன்டரப்ட் புகுந்தால் பாதி பழைய பாதி புதிய எண் வரும். வாசிக்கும் அந்த ஒரு வரிக்கு இன்டரப்டை நிறுத்திவைத்துத் திரும்பத் திறக்க வேண்டும்.

எஸ்டி கார்டில் எழுதுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்று இன்னொரு இடத்தில் வையுங்கள். எழுதி முடித்ததும் ஃபைலை மூடிவிடுங்கள். கரண்ட் போனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழப்பில்லை.

மைக்ரோபைத்தான் மொழிக்கு மாறினால் தீருமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ரீஸ்டார்ட் குறையலாம், பிழை எண்ணிக்கை குறையாது. இஎஸ்பி32 மைக்ரோபைத்தானில் பின் கால்பேக் நேரடியாக இன்டரப்டுக்குள் ஓடுவதில்லை, வரிசையில் வைத்துச் சற்றுப் பிந்தி ஓட்டப்படும். அதனால் உள்ளே அச்சிட்டாலும் போர்ட் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் அந்த வரிசை சிறியது. துள்ளல் மழை போல வந்தால் நிரம்பி, வருவது கைவிடப்படும். ராஸ்பெரி பை பிக்கோ போர்டில் 'ஹார்ட்' என்று கேட்டு உண்மையான இன்டரப்டுக்குள் ஓட்டலாம். அப்போது கால்பேக்குக்குள் புதிய நினைவகம் ஒதுக்கும் எதையும் செய்யக் கூடாது. லிஸ்டில் சேர்ப்பதும், தசம எண் கணக்கும், சரம் ஒட்டுவதும் எல்லாம் அதில் அடங்கும். வயரிங் பிழை எந்த மொழியிலும் ஒரே பிழைதான்.

என் கருத்தைக் கேட்டால், போர்ட் ஒபீஸ் கரண்டில் ஓடும்வரை இந்த மழைமானிக்கு இன்டரப்ட் கட்டாயமில்லை. 2 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் பின்னை வாசித்து, தொடர்ந்து மூன்று தரம் கீழ்நிலை என்றால் மூடல், தொடர்ந்து பத்துத் தரம் மேல்நிலை என்றால் திறப்பு என்று எடுக்கும் ஒரு தனி டாஸ்க் இதே வேலையைச் செய்யும், பிழை தேடுவதும் சுலபம். பெட்டரியில் ஓட்டி, போர்டைத் தூங்கவைக்கும்போதுதான் ஒரு பின்னின் மூலம் அதை எழுப்புவது உண்மையில் தேவைப்படும். ஆழ்ந்த தூக்கத்தில் நீங்கள் கட்டிய கால்பேக் எதுவும் உயிரோடு இருக்காது. போர்ட் எழுவது புதிதாகத் தொடங்குவது போலத்தான். ஆகவே எண்ணிக்கையை ஆர்டிசி நினைவகத்தில் (ஆழ்ந்த தூக்கத்திலும் அழியாதது) வைக்க வேண்டும். எழுப்புவது விளிம்பு இல்லை, நிலை. வாளி நடுவில் நின்று சுவிட்ச் மூடியே கிடந்தால், போர்ட் தூங்கப்போன கணமே எழும், திரும்பத் தூங்கும், திரும்ப எழும், காலையில் பெட்டரி வெறுமையாக இருக்கும். எழுந்ததும் பின் இன்னும் கீழ்நிலையில் இருந்தால், அடுத்த தூக்கத்துக்கு 'மேல்நிலை வந்தால் எழுப்பு' என்று மாற்றிவிட்டுத் தூங்கவைக்க வேண்டும்.

இனி, சந்தேகமாக விட்ட விஷயம். இடிக்கு ஏறும் எண்ணிக்கையில் எவ்வளவு அந்தரத்தில் தொங்கிய ஜிபிஐஓ பின்னினால், எவ்வளவு உண்மையான மின்னல் தூண்டலால், எவ்வளவு ஈரக் கசிவால் என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிரிக்கும் வழி இருக்கிறது. மழைமானி முனையில் இரண்டு கம்பியையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றி விடுங்கள். எண்ணிக்கை தொடர்ந்து ஏறினால் குற்றவாளி கேபிள், ஏறாவிட்டால் மானியும் அதன் மூட்டும். கேபிளைப் போர்ட் முனையிலும் கழற்றிய பிறகும் ஏறினால் போர்டின் சப்ளை அல்லது பின். காலமும் துப்புத் தரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடைப்பருவத்துப் பின்னேர இடியோடு 'தள்ளியவை' குதித்தால் அது தூண்டல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில், இடியே இல்லாத நாள்முழுத் தூறலிலும் பனியிலும் மெல்ல மெல்ல ஏறினால் ஈரம். காலை 6 மணிக்கு பெக்டரி மோட்டர்கள் ஸ்டார்ட் ஆகும் நேரத்தோடு ஒத்துப்போனால், கேபிள் போகும் வழியை மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்தபின் தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். புனலின் வாயை அளந்து பரப்பை எடுங்கள். 55 சதுர செ.மீ. என்றால் ஒரு கொட்டலுக்கு 1.54 மில்லிலீற்றர். 154 மில்லிலீற்றர் தண்ணீரை, அடியில் ஊசித்துளை போட்ட போத்தலிலிருந்து அரை மணித்தியாலத்தில் மெதுவாகச் சொட்டவிடுங்கள். மணிக்கு 56 மி.மீ. மழைக்குச் சமம். எண்ணிக்கை 97 முதல் 103க்குள் வந்து, 'தள்ளியவை' அசையாமல் நின்றால் மின்சாரப் பக்கமும் நிரலும் சரி. எண்ணிக்கை 110, 90 என்று விலகியிருக்க, பக்கத்தில் நின்று காதால் எண்ணிய கொட்டல்களும் அதே எண்ணாக இருந்தால், நிரலைத் தொடாதீர்கள். வாளிக்குக் கீழேயுள்ள இரண்டு நிறுத்தத் திருகாணிகளைத்தான் திருக வேண்டும். இரண்டையும் ஒரே அளவு, கால் சுற்றுக்கு மேல் போகாமல். நிறுத்தத்தை உயர்த்தினால் வாளி குறைந்த தண்ணீருக்கே கொட்டும், எண்ணிக்கை கூடும், தாழ்த்தினால் குறையும். ஒவ்வொரு திருகலுக்கும் பின் மானியின் அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அதே 154 மில்லிலீற்றரை மறுபடி சொட்டவிடுங்கள்.